உடையும் சரக்குக்கு இரட்டை ரேட்

மலையின் உயரத்தை அளந்தவர்கள் உண்டு. கடலின் ஆழத்தைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. ஆனால் ஒரு மணி நேர வணிக ஆங்கிலத்தின் எடை எவ்வளவு என்று கண்டுபிடித்துச் சொன்ன மேதை மனித வரலாற்றில் ஒருவர்தான். பிழைக்கப் போன நாட்டில், ஒரு சரக்குக் கம்பெனியின் மூன்றாவது மாடியில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவர் பார்சல்களுக்கு ரேட் போட்டுக்கொண்டிருந்தார். அந்த நகரத்தின் நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் அவரை ‘ரேட் சார்’ என்று கூப்பிட்டன. அவரும் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

அவருடைய மனைவி ஊரில் ஆங்கில டீச்சராக இருந்தவர். இங்கே வீட்டுக் கூடத்தில் உள்ளூர் வியாபாரிகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். போனில் ஆர்டர் எடுப்பது, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்பது, பாக்கியை மரியாதை குறையாமல் வசூலிப்பது எல்லாம் பாடத்தில் உண்டு. கொடுத்ததை வாங்கிக்கொள்வார். டைல்ஸ் கடைக்காரர் பணத்துக்குப் பதில் மிச்சம் மீதி டைல்ஸ் கொண்டுவந்து ஒட்டிவிட்டுப் போவார். குளியலறைச் சுவர் மூன்று நிறத்தில் இடுப்பு வரைக்கும் ஏறியிருந்தது. இந்த ‘அராஜகம்’ தினமும் பல் தேய்க்கும்போது ரேட் சாரின் கண்ணை உறுத்தியது.

“ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு வாங்கற?” என்று ஒருநாள் வாயில் நுரையோடு கேட்டார்.

“அவங்களால முடிஞ்சதுங்க.”

“முடிஞ்சதை வாங்கினா அது ரேட் இல்லம்மா, உண்டியல்.”

“மத்த டீச்சருங்க என்ன வாங்கறாங்கன்னு விசாரிக்கட்டுமா?”

“அடுத்தவனைப் பார்த்து ரேட் போடறவன் சாதாரண ஆளு. சரக்கைப் பார்த்துப் போடறவன்தான் நிபுணன்.”

அன்று மாலையே சாப்பாட்டு மேஜையில் கட்டண நிர்ணயக் கூட்டம் கூடியது. வருகை, இருவர். தலைமையுரையும் நன்றியுரையும் ரேட் சாரே ஆற்றினார். சாதாரண இலக்கணம் சாதாரண சரக்கு. நாளைக்கே மேடையில் பேச வேண்டும் என்று ஓடிவருகிறவர் அவசரச் சரக்கு. மழை, வெயில், உடம்பு எப்படி இருக்கிறது போன்ற பேச்சுகளில் கனமில்லை, ஆனால் இடத்தை அடைக்கும். எனவே பஞ்சு மூட்டைக்கு உள்ள கட்டணம். கெட்ட செய்தி சொல்லக் கற்பது உடையும் சரக்கு. அதற்கு இரண்டு மடங்கு.

“கெட்ட செய்திக்கு மட்டும் எதுக்குங்க ரெண்டு மடங்கு?”

“சொல்றவன் கையில அது உடையக்கூடாது. கேக்கறவன்கிட்ட போய்த்தான் உடையணும். அதுக்கு எவ்வளவு பேக்கிங் வேணும்!”

டீச்சருக்கு அதில் ஏதோ இடித்தது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ரேட் அட்டையைக் கூடத்துச் சுவரில் மாட்டினார்கள். டைல்ஸ் கடைக்காரர் அதை மேலிருந்து கீழ் வரை படித்துவிட்டுக் கிளம்பியவர்தான், மறுபடி வரவில்லை. குளியலறைச் சுவர் இடுப்போடு நின்றுபோனது. “தரம் ஏறினா கூட்டம் குறையும்” என்று ரேட் சார் பெருமைப்பட்டார்.

இந்தச் சமயத்தில்தான் அவருடைய கம்பெனி கைமாறியது. புது முதலாளிகளுக்கு ஆங்கிலம் தவிர வேறு பாஷை கிடையாது. சிலரை வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்ற பேச்சு காபி மெஷின் பக்கத்தில் அடிபட்டது. ரேட் சார் குடும்பத்தோடு அந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதியே அவருடைய வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. வேலை போனால் வீடு, மகளின் படிப்பு எல்லாவற்றையும் மூட்டை கட்ட வேண்டும். வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும் மனிதர் உள்ளுக்குள் நடுங்கிப்போயிருந்தார். அதனால் ஒரு ராஜதந்திரம் செய்தார். தன் மேனேஜரையே மனைவியிடம் மாணவராகச் சேர்த்துவிட்டார். நம் சோபாவில் உட்கார்ந்து நம் டீயைக் குடிக்கிறவர் நம் வயிற்றில் எப்படி அடிப்பார்?

மேனேஜர் பருத்த உடம்பு, இளகிய மனசு. கடுமையாக ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு உள்ளூர் மொழியிலேயே வராது. ரேட் அட்டையைப் பார்த்தவர் நேராகக் கடைசி வரியில் விரலை வைத்தார். பேரம் பேசவில்லை. அவர் சொன்னதை நம் பேச்சில் தருகிறேன்: “ஒருத்தருக்கு வேலை போயிடுச்சுன்னு சொல்லணும். அவங்க மனசு நோகாம, நான் அழாம.”

அவர் போனதும் டீச்சர் கேட்டார். “யாரை அனுப்பப்போறாராம்?”

“குடோன் ஆளுங்களா இருக்கும், பாவம். எங்க செக்‌ஷன் இல்லாம கம்பெனி எப்படி ஓடும்?”

“கேட்டுப் பார்க்கக்கூடாதா?”

“எடை போடறதோட நம்ம வேலை முடிஞ்சுது. பார்சல் எந்த விலாசத்துக்குப் போனா நமக்கென்ன?”

வகுப்பு தொடங்கியது. டீச்சர் ஒரு வாக்கியத்தை இழைத்து இழைத்துச் செய்துகொடுத்தார். “உங்கள் உழைப்பை இந்த நிறுவனம் மதிக்கிறது. மதிப்பதால்தான் இதை நேரில் சொல்கிறேன். உங்கள் சேவை இனி தேவைப்படாது.” ஆங்கிலத்தில் இது இன்னும் வழவழப்பாக இருக்கும்.

சுவரைப் பார்த்துச் சொன்னால் மேனேஜருக்கு வரவில்லை. எதிரில் ஆள் வேண்டும் என்றார். ரேட் சார் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ‘எதிரில் அமரும் சேவை’ என்று அட்டையில் ஒரு வரி கூடியது.

“தண்ணி கிளாஸை முன்னாடியே நகர்த்தாதீங்க சார், ஆள் உஷாராயிடுவான்” என்று சொல்லிக்கொடுத்தார். “சொல்லி முடிச்சதும் நகர்த்துங்க. கையில ஒண்ணு இருந்தா மனுஷன் கத்த மாட்டான்.”

வேலை போனவராக அவர் நடித்த நடிப்பை என்ன சொல்ல! ஒருநாள் விம்மினார். ஒருநாள் மேஜையைத் தட்டினார். ஒருநாள், “எனக்குக் குடும்பம் இருக்கு சார், பொண்ணு படிக்கறா” என்றார். அந்த இடத்தில் மேனேஜருக்கு நாக்கு குழறியது, கண் கலங்கியது. ரேட் சார் விடவில்லை. அதற்கும் டீச்சரின் திருத்தத்தோடு ஒரு பதில் தயாரானது. “அது எனக்குத் தெரியும். அதனால்தான் இது எனக்கும் கடினமாக இருக்கிறது.” மேனேஜரின் கண் காயும் வரை அதைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்.

டீ கோப்பைகளைக் கழுவியபடி டீச்சர் சொன்னார். “எனக்கு இது பிடிக்கலைங்க.”

“ஏம்மா, ரேட் பத்தலையா?”

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் ரேட் சாரை ஆபீஸ் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். புது முதலாளிகளின் ஆள் ஒருவர் மூலையில் உட்கார்ந்திருந்தார். ரேட் சார் எதிர் நாற்காலியில் அமர்ந்தார். மேனேஜர் ஆரம்பித்தார். உழைப்பை மதித்தார். மதிப்பதால்தான் நேரில் சொன்னார். சேவை இனி தேவைப்படாது என்றார். அதன்பிறகே கிளாஸை நகர்த்தினார்.

“பிரமாதம் சார்!” என்றார் ரேட் சார். “கிளாஸ்கூட கரெக்டா வந்துச்சு.” விருந்தாளியின் முன்னால் மேனேஜர் தேர்வு எழுதுகிறார் என்று அவருக்குப் பட்டது. தன் பங்குக்குக் குரலைத் தழைத்து, “எனக்குக் குடும்பம் இருக்கு சார், பொண்ணு படிக்கறா” என்று எடுத்துக்கொடுத்தார்.

“அது எனக்குத் தெரியும். அதனால்தான் இது எனக்கும் கடினமாக இருக்கிறது.” குழறவே இல்லை.

ரேட் சார் கைதட்டினார். அறையில் வேறு யாரும் தட்டவில்லை. மூலையிலிருந்தவர் ரேட் சாரின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.

மேனேஜர் உள்ளூர் மொழிக்கு இறங்கி மெதுவாகச் சொன்னார். “இது வகுப்பு இல்ல. ரேட் போட மெஷின் வந்தாச்சு. நிறைய பேருக்குச் சொல்லணும். உங்ககிட்ட சொன்னா மட்டும் எனக்கு வார்த்தை தடுமாறாது. அதனாலதான் உங்ககிட்டேருந்து ஆரம்பிச்சேன்.”

ரேட் சார் கத்தவில்லை. கையில் கிளாஸ் இருந்தது.

மத்தியான வெயிலில் வீட்டுக்கு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். டீச்சர் பழக்கதோஷத்தில் முதலில் கேட்டது இதுதான்.

“தப்பில்லாம சொன்னாரா?”

“ஒரு தப்புகூட இல்ல.”

ரேட் சார் குனிந்து ஷூவைக் கழற்றினார். “வியாழக்கிழமை வகுப்புக்கு வரேன்னு சொல்லியிருக்கார். குடோன் ஆளுங்களுக்கு இனிமேதான் சொல்லணுமாம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“எதிர்ல உட்கார்ற ஆளுக்கு இப்ப முன் அனுபவம் இருக்கு, ரேட் கொஞ்சம் கூடும்னு சொன்னேன்.”

டீச்சர் சுவரிலிருந்த அட்டையைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். “அந்த குடோன் ஆளுங்களுக்கும் குடும்பம் இருக்குங்க. அவங்க வீட்லயும் பொண்ணு படிக்குது.”

ரேட் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். டீச்சர் திருத்திக்கொடுத்த அதே ஆங்கிலத்தில், அதே மென்மையோடு, ஒரு வார்த்தைகூடத் தடுமாறாமல் பதில் சொன்னார்.

“அது எனக்குத் தெரியும். அதனால்தான் இது எனக்கும் கடினமாக இருக்கிறது.”