சீர்த்தட்டில் போன டாங்கி

சீர்த்தட்டு என்று வந்துவிட்டால் எங்கள் பக்கத்து அம்மாக்களுக்குப் புத்தி ஒரு இடத்தில் நிற்காது. பூ, பழம், மஞ்சள், குங்குமம் என்று அடக்கமாகத்தான் ஆரம்பிக்கும். அப்புறம் யாராவது ஒருத்தி லட்டில் தேர் கட்டுவாள். இன்னொருத்தி தேங்காய்க்குக் கண் மூக்கு வரைந்து மாப்பிள்ளை ஆக்குவாள். சிட்னிக்கு வந்தால் இது தெளியும் என்று நினைத்தேன். கெல்லிவில்லில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போனால், பால்கோவாவில் ஓபரா ஹவுஸ் செய்து வைத்திருக்கிறார்கள். (கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது. இருந்தாலும் எனக்கு வயிறு எரிந்தது.)

அந்த எரிச்சல் ஆறுவதற்குள் என் மகள் கவிதாவின் கல்யாணப் பேச்சு வந்தது. பையன் பெயர் ஆடம். போலந்துக் குடும்பம், பிறந்தது சிட்னியில். இட்லியைக் கையால் பிட்டுத் தின்பான், என்னை அத்தை என்று கூப்பிடப் பழகிக்கொண்டான், இதற்கு மேல் ஒரு மாமியாருக்கு என்ன வேண்டும்? அம்மா இல்லாத பிள்ளை. அப்பா ஸ்டான் தனியாளாக வளர்த்திருக்கிறார். சிக்கல் அவரிடம்தான் இருந்தது. கல்யாணத்துக்குச் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "அவங்க வரட்டும், பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லியிருந்தார். முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டவர் என்பதால் நாங்கள்தான் பிளாக்டவுனில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு.

அந்தப் "பார்க்கலாம்" கவிதாவின் தூக்கத்தைக் கெடுத்தது. என்னை உட்கார வைத்துச் சொன்னாள்.

"அம்மா, ப்ளீஸ். பூ, பழம், ஒரு ஸ்வீட். அவ்வளவுதான். அவர் ரொம்பப் பேச மாட்டார். நீ ஓவரா எதுவும் பண்ணிடாதே."

நான் என்ன ஓவராகப் பண்ணிவிடப் போகிறேன் என்று கேட்டேன். அவள் தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

பேசாத மனுஷர் எதைப் பற்றியாவது பேசுவார் அல்லவா? ஆடமைத் தோண்டினேன். அவனுடைய தாத்தா, அதாவது ஸ்டானின் அப்பா, இரண்டாம் உலகப் போரில் டாங்கி ஓட்டியவராம். போலந்து டாங்கிப் படையாம். அந்தக் கதை என்றால் மட்டும் ஸ்டான் வாய் திறப்பாராம். எனக்கு அது போதும். பள்ளிக்கூடத்தில் சரித்திரத்தில் தேறாத நான், வெங்காயம் நறுக்கிக்கொண்டே போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன்.

பார்க்கப் பார்க்க எனக்கே கண் கலங்கியது. (வெங்காயமும் ஒரு காரணம்.) போரின் தொடக்கத்திலேயே நாடு பறிபோய்விட்டது. அந்த ஆட்கள் ஹங்கேரி, பிரான்ஸ் என்று சுற்றி ஸ்காட்லாந்து போய்ச் சேர்ந்து, கையில் ஒன்றும் இல்லாமல் திரும்பவும் ஒரு படையாக நின்றிருக்கிறார்கள். பிரான்சில் ஒரு குன்றின் மேல், தப்பி ஓடும் ஜெர்மானியர்களை வழிமறித்து, குண்டும் சோறும் தீர்ந்த பிறகும் இறங்காமல் இருந்திருக்கிறார்கள். ஹாலந்தில் பிரெடா என்ற ஊரை மீட்கும்போது, வீடுகளை இடிக்க வேண்டாம் என்று பீரங்கியை அடக்கிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்து பிடித்தார்களாம். இவ்வளவும் செய்துவிட்டு, போர் முடிந்ததும் ஊர் திரும்ப வழியில்லை. அங்கே ரஷ்யாவின் பிடியில் வேறொரு ஆட்சி வந்துவிட்டது. படைக்கே தலைவராக இருந்த ஜெனரல், ஸ்காட்லாந்தில் ஒரு ஓட்டல் பாரில் கிளாஸில் ஊற்றிக் கொடுத்துப் பிழைத்தாராம். ஆளுக்கொரு திசையாகச் சிதறினார்கள். ஆடமின் தாத்தா கப்பலேறி இங்கே வந்து லாரி ஓட்டினார்.

இப்படிப்பட்ட குடும்பத்துக்கு வெறும் வாழைப்பழமா கொண்டுபோவது? முடிவெடுத்துவிட்டேன். மைசூர் பாகில் ஒரு டாங்கி.

கூட்டுக்கு நார்த்மீட்டில் எங்கள் பக்கத்து வீட்டுப் புஷ்பம் அக்காவைப் பிடித்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். டாங்கி என்றதும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் உண்மையான டாங்கி கண்டனான். அது சீனி போட்டுச் செய்யிற சாமான் இல்லை, பிள்ளை."

இவர்கள் நல்ல டாங்கிக்காரர்கள் அக்கா, ஊரை இடிக்காதவர்கள் என்று பிரெடா கதையை எடுத்துவிட்டேன். முழுக்கக் கேட்டார். அவர்கள் ஊருக்குத் திரும்ப முடியாமல் போன கட்டம் வந்ததும் கரண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

ஹரிஸ் பார்க்கில் நெய் வாங்கி வந்தோம். போனில் டாங்கிப் படங்களைத் தேடி, வரிசையாக வந்தவற்றில் ஆகக் கம்பீரமானதைத் தேர்ந்தெடுத்தேன். (பெண்ணுக்குப் புடவை எடுப்பது போல. அது யாருடைய டாங்கி என்று பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை.) உடம்புக்குக் கெட்டி மைசூர் பாகு. சக்கரத்துக்கு அதிரசம், ஒன்றின் மேல் ஒன்று ஏறினாற்போல. சங்கிலிக்கு ரிப்பன் பக்கோடா. குழலுக்கு முந்திரி கேக்கை நீளமாக உருட்டினோம். படத்தில் பக்கவாட்டில் வெள்ளைக் கரை போட்ட கறுப்புச் சிலுவை ஒன்று இருந்தது. எனக்கு மெய்சிலிர்த்தது. போலந்துக்காரர்கள் கோயிலுக்குத் தவறாத கத்தோலிக்கர்கள். அவர்கள் டாங்கியில் சிலுவை இல்லாமல் இருக்குமா? கறுப்புக்கு எள்ளை எடுத்தேன். அக்கா கையைப் பிடித்தார்.

"நல்ல காரியத்துக்கு எள்ளோ? ஆரும் வைப்பினமே? முந்திரிகைவத்தலைப் போடு."

நல்லவேளை, ஒரு பெரிய அபசகுனத்திலிருந்து தப்பினோம் என்று இருவரும் நிம்மதியாக மூச்சு விட்டோம். அக்கா சொன்ன உலர்ந்த கறுப்புத் திராட்சையில் சிலுவை, தேங்காய்த் துருவலில் கரை. கச்சிதமாக வந்தது.

பிளாக்டவுனுக்குக் கிளம்பிய அன்றைக்குக் கவிதாவுக்குத் தெரியாமல் டாங்கியைத் துணி போட்டு மூடி, அக்கா மடியில் வைத்துக் கொண்டுபோனார். ஸ்டான் வீட்டு வாசலில் வரிசையாகத் தட்டேந்தி நுழைந்தோம். முன்னறையில் அவருடைய அப்பாவின் படம். பட்டாளத்து உடை, இடது தோளில் மட்டும் அந்த டாங்கிப் படையின் அடையாளமான கறுப்புப் பட்டி. ஸ்டான் கைத்தடியோடு எழுந்து நின்றார். பூவுக்குத் தலையசைத்தார். பழத்துக்கும் தலையசைத்தார். நான் நடுமேசையில் டாங்கியை வைத்து, படத்தைப் பார்த்துக் கும்பிட்டு, "உங்கள் அப்பாவுக்கு" என்று என் இங்கிலீஷில் சொல்லித் துணியை விலக்கினேன்.

எல்லாரும் டாங்கியையே பார்த்தார்கள். பூரிப்பு என்றுதான் நினைத்தேன். ஆடம் என் காதருகே குனிந்தான்.

"அத்தை, இது ஜெர்மன் டாங்கி."

சிரித்தபடியே, அப்படியா என்று கேட்டேன். மண்டையில் ஏறச் சற்று நேரம் பிடித்தது.

"எங்க தாத்தா இதோடதான் சண்டை போட்டார்."

 ஊரை விட்டு அவர்களை விரட்டியவனின் வண்டியை, சிலுவை முதற்கொண்டு பிசகாமல், நெய் மணக்க, அந்த மனுஷனின் படத்துக்கு முன்னாலேயே கொண்டுபோய் வைத்திருக்கிறேன். கவிதா என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஸ்டான் கைத்தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எல்லாம் முடிந்தது என்று என் வீட்டுக்காரர் கார் சாவியைத் தேடினார். புஷ்பம் அக்கா என் முந்தானையை இழுத்து, "எள்ளுப் போட்டிருந்தாலும் இதை விட மோசமாய்ப் போயிராது" என்றார்.

உள்ளே இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. ஸ்டான் ரொட்டி வெட்டும் கத்தியோடு வந்தார். நான் முன்னால் ஓடி, எங்கிருந்து வெட்டினால் உதிராது என்று காட்டப் போனேன். என் கையை மெதுவாக விலக்கினார்.

"முன்னாலிருந்து கூடாது. முன்பக்கத் தகடு தடிப்பு, குண்டு தெறித்துவிடும் என்று அப்பா சொல்வார். சுற்றி வந்து பக்கவாட்டில் அடிக்க வேண்டும்."

அந்த முழங்காலோடு மேசையைச் சுற்றி வந்தார். குறிபார்த்து ஒரே வெட்டு. குழல் தொங்கியது, அதிரசம் ஒன்று உருண்டு தரைவிரிப்பில் ஓடியது. சிலுவைத் துண்டை மட்டும் தனியே எடுத்து ஒரு தட்டில் வைத்து, அப்பா படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார். போலிஷில் ஏதோ சொன்னார். சொல்லும்போதே தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நான் பதறினேன். சிரிப்பு. ஆடம்தான் சொன்னான், "'அப்பா, இதோ இன்னொன்று' என்கிறார்."

அப்புறம் ஸ்டான் ஒரு துண்டை எடுத்துக் கவிதாவிடம் நீட்டினார்.

"உன் அம்மா எனக்காகப் படித்திருக்கிறார். தப்பாகப் படித்திருக்கிறார், ஆனால் படித்திருக்கிறார். கல்யாணம் எப்போது?"

கவிதா அந்தத் துண்டை வாயில் போட்டுக்கொண்டே அழுதாள். அன்று மாலை முழுக்க ஸ்டான் அப்பாவின் கதையைச் சொல்லச் சொல்ல, மைசூர் பாகு டாங்கி பின்பக்கமிருந்து முன்பக்கம் வரை அழிந்தது. திரும்பும் வழியில் காரில் புஷ்பம் அக்கா, "பாவம், அந்தாளின்ர தேப்பன் கடைசி மட்டும் ஊருக்குப் போகேல்லையாம்" என்று மட்டும் சொன்னார்.

இப்போதும் எங்கள் வீட்டு விசேஷம் எதுவென்றாலும் ஸ்டானுக்கு எதிரி டாங்கி ஒன்று செய்தாக வேண்டும். நம்மாளுடைய டாங்கியை ஒருமுறை செய்து பார்த்தேன், அவர் அதை வெட்ட விடவே இல்லை, எறும்பு மொய்த்ததுதான் மிச்சம். நான் எதைத் தூக்கிக்கொண்டு போனாலும், அது வெறும் எலுமிச்சைச் சாதமாக இருந்தாலும் சரி, மருமகன் வாசலிலேயே கையை நீட்டித் தடுத்து நிறுத்துவான்.

"அத்தை, இது நம்மளுதா, அவங்களுதா?"

அவங்களுது என்று சொன்னால்தான் ஸ்டான் கத்தியோடு எழுந்து வருவார்.