முசுறு கடித்த மாப்பிள்ளை

பெண் பார்க்கப் போகிறவன் நேரத்துக்கு முன்னால் மட்டும் போய்ச் சேரக்கூடாது. நான் போனேன்.

பெண் வீடு வெள்ளவத்தையில். புகைப்படத்தில் தர்சினியைப் பார்த்த நாளிலிருந்தே எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவும் அக்காவும் கொட்டாஞ்சேனையிலிருந்து ஓட்டோவில் வருவதாக ஏற்பாடு. நான் இரத்மலானையில் வேலை முடிந்த கையோடு ரயிலேறி, அவர்களுக்கு முன்பே வந்து இறங்கிவிட்டேன். பொழுதைப் போக்க, கடற்கரைத் தண்டவாளத்தை ஒட்டிய மரமொன்றில் சாய்ந்து நின்று, பெண்ணைப் பார்த்ததும் எப்படிச் சிரிப்பது என்று ஒத்திகை பார்த்தேன். (முப்பது வயதுக்காரன் செய்கிற வேலையா இது?)

அது முசுறு குடியிருக்கும் மரம். சிவப்பு எறும்புப் பட்டாளம் கொலருக்குள் இறங்கிக் கழுத்து, காது, கன்னம் என்று வெளுத்து வாங்கியது. தண்டவாள ஓரத்தில் நான் ஆடிய ஆட்டத்துக்கு, ரயிலில் தொங்கிக்கொண்டு போனவர்கள் விசிலடித்தார்கள்!

கடித்த இடமெல்லாம் தடித்து, அரிப்பு உயிரை வாங்கியது. சொறிந்து தள்ளினேன். பிறகு பக்கத்துக் கடையில் தலையிடித் தைலம் வாங்கி, உள்ளங்கை நிறைய ஊற்றித் தேய்த்தேன். நெருப்பு! கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. அதற்குள் அம்மாவும் அக்காவும் வந்துவிட, அந்தக் கோலத்திலேயே பெண் வீட்டுக்குள் நுழைந்தேன்.

"தம்பி, ஏன் அழுறியள்? இதில உங்களுக்கு விருப்பமில்லையோ?" என்று பதறினார் பெண்ணின் தாய்.

"ஐயோ, நல்ல விருப்பம் அன்ரி!"

நான் கத்திய கத்தலில் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்.

தேத்தண்ணியோடு வந்த தர்சினி, என் கழுத்தைக் கண்டதும் தட்டை மேசையில் வைத்தாள்.

"என்ன கடிச்சது?"

"முசுறு."

"மேல என்ன பூசினனீங்கள்?"

"தைலம்."

"கடவுளே! சொறிஞ்ச இடத்திலயோ? எழும்புங்கோ, முதல்ல சோப் போட்டுக் கழுவுங்கோ."

கழுவினேன். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைத் தந்து ஒற்றச் சொன்னாள். எரிவு அடங்கியதும், றோஸ் நிறக் கலமைன் மருந்தைப் பஞ்சில் நனைத்துத் தடிப்புகளில் தடவினாள். என் கை உயரும்போதெல்லாம், "சொறியாதேங்கோ!" என்று அதட்டல் வேறு. அரிப்பு தணியத் தணிய நெஞ்சு எகிறிக் குதித்தது.

அப்போது பார்த்து லண்டனிலிருந்து அவளுடைய மாமா வீடியோவில் வந்தார். தாயார் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஆர் இது, சுவருக்குப் பெயின்ற் அடிச்ச மாதிரி? மாப்பிள்ளையைக் காட்டுங்கோவன்!"

தர்சினி கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். காய்ந்த மருந்து உதிர்ந்து தேத்தண்ணிக்குள் விழுந்தது. (ஒத்திகை பார்த்த சிரிப்பு அப்படிப் போயிற்று.) வீடு திரும்பும் வழியிலேயே அம்மாவுக்குப் போன் வந்தது: பெண்ணுக்குச் சம்மதம்!

கல்யாணத்துக்கு வந்த லண்டன் மாமா மணவறையில் ஏறி, என் பக்கத்தில் மாப்பிள்ளைத் தோழனாக இருந்தவனைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கள் ஆர்?" என்றார். றோஸ் பூசாத என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

இன்றும் அவர் போன் எடுத்தால், "றோஸ் என்ன செய்யிறார்?" என்றுதான் கேட்பார். அதைக் கேட்டு வளர்கிற எங்கள் மகள், போன கிழமை பாலர் பாடசாலையில் அப்பாவின் பெயரைக் கேட்டதற்கு, "றோஸ்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.