போடாதே வக்கீல்

ஆரணியில் வக்கீல் தொழிலையே படுக்க வைத்த ஆள் யார் என்று கேட்டால், கோர்ட்டு வாசல் டீக்கடைக்காரர்கூட யோசிக்காமல் சொல்வார். விசேஷம் என்னவென்றால், அவரும் ஒரு வக்கீல்தான். அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. மாடிப்படி ஓரத்தில் போர்டில்கூட எழுதியிருக்கும். அதை யாரும் படித்ததில்லை. ஊருக்கு அவர் போடாதே வக்கீல்.

கறுப்புக் கோட்டு, அதற்குக் கீழே எந்தக் காலத்திலும் இஸ்திரி பார்க்காத பேண்ட்டு. உங்கள் கதையைப் பாதி கேட்பதற்குள் தீர்ப்பு சொல்லிவிடுவார்.

"சார், பக்கத்து வீட்டுக்காரன் மேல கேஸ் போடணும்."

"போடாதே."

"எங்க முருங்கை மரத்த வெட்டிட்டான் சார்!"

"மரத்தையா, கிளையையா?"

"கிளைதான். அவன் பக்கம் சாஞ்சிருந்திச்சி."

"மரம் நிக்குதில்ல? காயப் பறிச்சி அவனுக்கும் நாலு குடு. கேஸ் போட்டா உன் பேரன் கல்யாணத்துக்குத்தான் தீர்ப்பு வரும். அதுவரிக்கும் ரெண்டு வீட்லயும் சாம்பாரு எறங்காது."

வந்த கட்சிக்காரரை இப்படி முருங்கைக்காயோடு திருப்பி அனுப்புகிற வக்கீலிடம் எந்த ஜூனியர் நிலைப்பான்? ஒருவன் வந்தான், ஒரு மழைக்காலம் இருந்தான், பிறகு செய்யாறு பக்கம் போய்விட்டான்.

என் கூட்டாளி ஒருவனுடைய பைக் காணாமல் போனது. எதிர்வீட்டுப் பையன்தான் எடுத்தான் என்று இவனாகவே முடிவு செய்து, அவன் போட்டோவைத் 'திருடன்' என்று வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடப் போனான். வக்கீல் போனைப் பிடுங்கிக்கொண்டார். "போடாதே! பைக் போனது ஒரு பேஜாரு. மானம் போச்சின்னு அவன் வந்தா அது ரெண்டாவது பேஜாரு. ஸ்டேஷன்ல எழுதிக் குடு. மனு ரசீது கைக்கு வராம படி எறங்காதே." கடைசியில் பைக் களம்பூர் ரயில்வே ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தது. இவனுடைய மச்சான்தான் சொல்லாமல் எடுத்துப் போயிருக்கிறான்.

போளூர்க் கல்யாணத்தை மட்டும் சொல்லாமல் விடக் கூடாது. மேடையில் பெண் மாலையைத் தூக்கிவிட்டாள். அதே நேரம் கீழே மண்டப மேனேஜர் ஒரு வெற்றுத் தாளைப் பெண்ணின் அப்பாவிடம் நீட்டி, "சும்மா ஒரு கையெழுத்து சார், அப்புறமா எழுதிக்கறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிசையிலிருந்து இடி இடித்தது.

"போடாதே!"

மேளம் நின்றது. பெண்ணின் கை அந்தரத்தில் நின்றது. மாப்பிள்ளை, நீட்டிய கழுத்தை உள்ளே இழுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தார். மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். "இன்னாய்யா, எம்புள்ளைக்கு இன்னா கொறச்சல்?"

"மாலைய சொல்லலம்மா, பேப்பர சொன்னேன்! ஒண்ணும் எழுதாத பேப்பர்ல எவனாச்சும் கையெழுத்து வெப்பானா?"

அவருக்கு அன்று பந்தியில் பாயசம் வரவில்லை. பெண்ணின் அப்பா பிற்பாடு ஒரு வாழைத்தாரோடு ஆபீஸுக்குப் போய் நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

இதெல்லாம் சிரிக்கிற கதைகள். எனக்கு அவரைப் பிடித்துப்போனது சிரிக்க முடியாத ஒரு நாளில்.

என் அக்கா கஸ்தூரியை ஆரணியில் நெசவுக் குடும்பத்தில் கொடுத்திருந்தோம். வீட்டு நடுக்கூடத்தில் தறி. அக்காவும் மாமாவும் மாறி மாறி நெய்வார்கள். மாமா ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழவில்லை. அக்காவுக்கு மிச்சமிருந்தது காலேஜ் போகிற மகளும், அந்தக் கூடமும், அந்தத் தறியும்தான். தறிதான் சோறு. கூடம் இல்லையென்றால் தறி இல்லை.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கருமாதி முடிந்ததும் பிறந்த வீட்டுக்காரர்கள் பெண்ணைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துப்போய்க் கொஞ்ச நாள் வைத்திருக்க வேண்டும். நானும் களம்பூரிலிருந்து கார் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். மாமாவின் அண்ணன் ஏழுமலை, "சாவியக் குடுத்துட்டுப் போம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். அக்கா முந்தானையிலிருந்து சாவியை அவிழ்க்கப் போனாள். காரியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த வக்கீல் என் கையைப் பிடித்து வேப்பமரத்தடிக்கு இழுத்துப்போனார்.

"எங்க இட்டுகினு போற?"

"எங்க வீட்டுக்குத்தான் சார். வழக்கம்."

"நீ இட்டுகினு போகல. காலி பண்ணிக் குடுக்கற. ஏழுமலை நேத்து கடையில புதுப் பூட்டு வாங்கினத நான் பாத்தேன்."

நான் திரும்பி ஏழுமலையைப் பார்த்தேன். வக்கீல் கோபமாக, ஆனால் மெதுவாகச் சொன்னார். "வீடு அவங்க அப்பா பேர்ல கீது. அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்ல. உங்க மாமா பங்கு உன் அக்காவுக்கும் பொண்ணுக்கும் வரும். ஏழுமலைக்கும் பங்கு உண்டு, இல்லன்னு சொல்லல. ஆனா இவள வெளிய தள்ள அவனுக்கு உரிமை இல்ல. இவளே சாவியக் குடுத்துட்டு வெளிய போயி, அவன் பூட்டும் போட்டுட்டான்னா, மறுபடி உள்ள வர்றதுக்கு வருசக்கணக்கா கோர்ட்டுக்கு நடக்கணும். வாசப்படிக்கு உள்ள இருக்கறவன் பலசாலி. அவ்ளோதான் சட்டம்."

அக்காவிடம் சொன்னேன். பாவம், ஏற்கெனவே பாதியாகியிருந்தாள். "நான் வராம இங்கியே ஒக்காந்தா சனங்க இன்னா சொல்லும்? புருசன் போன ஈரம் காயல, வீட்டப் புடிச்சிகினு கீறான்னு சொல்லாதா?" என்று அழுதாள். அவளுக்கு வீடும் போகக் கூடாது, பெயரும் போகக் கூடாது.

வக்கீல் தாடையைச் சொறிந்தார். "நீ வழக்கப்படி போம்மா. சாவிய என்கிட்ட குடு. உன் ஆளா நான் இருக்கேன்."

அக்காவும் மகளும் என்னோடு களம்பூருக்கு வந்தார்கள். அவர் அப்படியே அங்கே இருந்துவிட்டார். மறுநாள் காலை அவருக்கு இட்லி எடுத்துக்கொண்டு நான் வந்தபோது வாசலில் தெருவே நின்றிருந்தது. ஏழுமலை கையில் புதுப் பூட்டு. உள்ளே நம் வக்கீல், நெய்கிறவர் கால் வைக்கிற தறிக்குழியில் இரண்டு காலையும் இறக்கி, கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வெளிய வா சார். பூட்டு போடணும்."

"போடு."

எனக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகம் வந்தது. தெருவுக்கும் அதே சந்தேகம்தான்.

"இன்னா சொன்ன சார்?"

"போடுன்னேன். தாராளமா போடு. நான் எழுந்துக்க மாட்டேன். கஸ்தூரி இருக்கச் சொல்லி இருக்கேன். ஜல்தியா போட்டுட்டுப் போ."

ஏழுமலை பூட்டைப் பார்த்தார், வக்கீலைப் பார்த்தார். கையெழுத்து, கேஸ், ஸ்டேட்டஸ், மாலை என்று எதையும் போடவிடாத மனுஷன் வாயிலிருந்து 'போடு' வருகிறது! பக்கத்து வீட்டு அம்மா ஏழுமலையின் சட்டையைப் பிடித்து இழுத்தார். "வாணாண்ணா. இந்த ஆளே போடுன்றாருன்னா இதுல இன்னாமோ கீது."

"ஒண்ணுமில்ல," என்றார் வக்கீல். "ஆள உள்ள வெச்சி வெளிய பூட்டினா, அடைச்சி வெச்ச குத்தம். நான் இங்கேர்ந்தே போலீசுக்கு போன் பண்ணுவேன்." அதை ஏழுமலை கேட்கவே இல்லை. பூட்டு அதற்கு முன்பே பைக்குள் போய்விட்டது.

"சரி, ஒரு கை குடு. கால் மரத்துப்போச்சி" என்றார் வக்கீல். ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் ஏழுமலை. தூக்குகிற வேகத்தில் அவருடைய வாட்ச், தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருந்த பாவில் மாட்டி, பட்டிழைகள் பொட்டுப் பொட்டென்று அறுந்தன. "ஐயோ, பாவு!" என்று முதலில் பதறியது ஏழுமலைதான். எத்தனை கோபம் இருந்தாலும் அவரும் நெசவாளிதானே. வக்கீல் காலை உதறிக்கொண்டே, "உன் பங்கு எங்கியும் போகாது, ஏழுமல. சாயந்தரம் ஆபீசுக்கு வா, உக்காந்து பேசலாம்" என்றார். ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டு சரி என்றார். அந்தப் பேச்சுவார்த்தை பிறகு ஒழுங்காகவே முடிந்தது. கூடமும் தறியும் அக்காவுக்கே என்று பத்திரம் பதிவானது.

அன்று நான் போன் செய்ததும் அக்கா களம்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டாள். வந்ததும் தறியைத்தான் பார்த்தாள். மாமா கடைசியாகப் பிணைத்த பாவு அது. மாமா போனதிலிருந்து முணுமுணுவென்று மட்டும் பேசிக்கொண்டிருந்தவள், தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"இன்னா சார் இது! இத்தினி இழைய அறுத்து வெச்சிகீறீங்க! தறில இப்டியா ஒக்காருவாங்க?"

வக்கீல் சுவரோரமாக ஒடுங்கி நின்றார். "தெரியாம ஆயிடிச்சிம்மா. எம்மேல ஒரு கேஸ் போட்டுடு."

அக்கா குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்து, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகத் தேடி முடிய ஆரம்பித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வாய் சிரித்தது.

"யார வெச்சி சார் போடறது? எனக்குன்னு இருக்கற வக்கீலு நீங்க ஒருத்தர்தானே."

வக்கீல் வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார். எனக்கு அவரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.