முசியே கட்டிய பொட்டலம்

"பிஎச்பியில நான் கட்டுன பொட்டலத்த ஜாவாவுல பிரிக்கப் போறியா? ஒன்னால ஆவாதும்மா. மூணு காரணம் இருக்குது."

சொன்னவர் முசியே. புதுச்சேரி முழுவதும் தேடினாலும், எண்ணிக்கை சொல்லாமல் வாய் திறக்காத இன்னொருவரைக் காட்ட முடியாது. பத்து வார்த்தை பிரெஞ்சு பேசுவார் என்பதால் அலுவலகத்தில் அந்தப் பெயர்; பிரெஞ்சில் 'ஐயா' என்று அர்த்தம். 'மூணு காரணம்' என்று ஆரம்பித்து இரண்டோடு தீர்ந்துபோனால் மூன்றாவதைத் தேடித் தவிப்பார். அன்று மாலை பேருந்து நிறுத்தம் வரை ஓடி வந்தார். "மூணாவது, நீ புதுசு!"

முதலியார்பேட்டையில் இருந்த சின்னக் கணினி நிறுவனம் அது. பிஎச்பி என்ற கணினி மொழியில் முசியே எழுதிய பழைய திருமணத் தகவல் தளத்தை ஜாவா மொழிக்கு மாற்றுவது என் வேலை. ஒவ்வொரு வரனின் விவரமும் ஒரே நீண்ட வரியாகக் கட்டப்பட்டிருந்தது. பிஎச்பிக்கும் முசியேயின் பழக்கம்தான்: முதலில் நீளத்தைச் சொல்லும், பிறகுதான் சரக்கு. வெள்ளிக்கிழமைக்குள் பிரித்துக் காட்டினால் எனக்கு வேலை நிரந்தரம்; இல்லையென்றால் வீட்டுக்கு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தோற்றுப்போய் வீட்டு வாசலில் நிற்க மனமில்லை.

ஆங்கிலப் பெயர்கள் அழகாகப் பிரிந்தன. தமிழில் வந்த முதல் மணமகள் மீனாட்சி. பெயருக்கு முன்னால் இருபத்துநான்கு என்றிருந்தது. என் நிரல் இருபத்துநான்கு எழுத்தை எண்ணி எடுத்ததில், மீனாட்சி தன் தகப்பனார் சுப்பையாவில் பாதியை விழுங்கிவிட்டு நின்றாள்!

"முசியே, மீனாட்சியில இருபத்துநாலு எங்க இருக்குது? ஒங்க கணக்கு தப்பு."

"என் கணக்கா? மூணு தடவ சொல்றேன். நோன், நோன், நோன்!" பிரெஞ்சில் 'இல்லை' என்பது அவருடைய பத்து வார்த்தையில் ஒன்று.

கோபத்தோடு சாப்பாட்டு டப்பாவை எடுத்து, "ஆறு" என்று அறிவித்துத் திறந்தார். உள்ளே இரண்டு இட்லி.

"ரெண்டுதான இருக்குது?"

"ஒன்ன மூணாப் பிச்சித்தாம்மா தின்னுவேன். வாயில போடுற அளவுலதான் எண்ணுவேன்."

நான் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். பிஎச்பி எண்ணுவது எழுத்தை அல்ல, துண்டை! கணினி எழுத்தைப் பிய்த்து வைக்கும் பைட்டை! மீனாட்சி கண்ணுக்கு நான்கு எழுத்து. குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும் கணினிக்கு எட்டு. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். இருபத்துநான்கேதான்!

பைட்டை எண்ணும்படி நிரலை மாற்றினேன். மீனாட்சி தகப்பனாரை விட்டாள். அவள் பின்னாலேயே, பட்டியலில் அடுத்து இருந்த மூலக்குளம் ஊர் மாப்பிள்ளைகள் எல்லாரும் முழுசாக வந்து நின்றார்கள். முசியே திரையை உற்றுப் பார்த்தார்.

"ரெண்டு விஷயம். ஒன்னு, என் கணக்கு தப்பில்ல."

இரண்டாவது வரவில்லை. தேடவும் இல்லை. ஒரு துண்டு இட்லியை என் பக்கம் நகர்த்திவிட்டு மீதி ஐந்தைச் சாப்பிட ஆரம்பித்தார்.

வியாழக்கிழமையே வேலை நிரந்தரமானது. முதலாளியின் அனுமதியோடு, போன வாரம் அந்த நிரலை எல்லோருக்கும் இலவசமாக இணையத்தில் ஏற்றிவிட்டேன். சோதனைக்கு ஒரு தமிழ்ப் பெயர் தேவைப்பட்டது. முசியே என்று போட்டு, முன்னால் பதினெட்டு என்று எழுதினேன். அவருடையது ஆயிற்றே, மூன்று தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன்.