இருபது க்ளிக்

அந்தச் சனிக்கிழமையும் இல்போவின் நாலு குண்டுகளும் அட்டை மானின் நெஞ்சு வட்டத்துக்குக் கீழேதான் பாய்ந்திருந்தன. ஒன்றையொன்று உரசிக்கொண்டு, ஒரு காபிக் கோப்பையால் மூடிவிடலாம் போல நெருக்கமாக இருந்தன. ஆனால் வட்டத்துக்குள் ஒன்றுகூட இல்லை.

"மறுபடியும் கீழயா?" என்றார் சுடுகளத்தைப் பார்த்துக்கொள்ளும் கௌக்கோ, ஏலக்காய் ரொட்டியை மென்றபடி.

"போன வாரம்தானே சரி பண்ணிட்டுப் போனேன்! நீயும் பாத்தேல்ல?"

"பாத்தேன். சைலன்சர் மாட்டினா குழல் முனையில கனம் ஏறும், குண்டு இறங்கும். ஆனா ஒரு தடவை சரி பண்ணிட்டா அப்படியே நிக்கணும்ப்பா." இதைச் சொல்லிவிட்டு கௌக்கோ ஏனோ வானத்தைப் பார்த்தார்.

இல்போ துப்பாக்கிமேல் குறிபார்க்கும் ஸ்கோப்பின் குமிழை இருபது க்ளிக் மேலே திருகினார். அடுத்த நாலும் வட்டத்தின் நட்டநடுவில் விழுந்தன. மூன்று வாரமாக இதே கதைதான்.

போன வருடம் துப்பாக்கி வெடிக்கும் சத்தத்துக்கு முன்பே கண்ணை இறுக மூடிக்கொண்டு, மூஸ் மான் வேட்டைத் தேர்வில் கோட்டை விட்டார் இல்போ. வேட்டைக் குழு காட்டுக்குள் போக, அவர் மட்டும் மனைவி ஐலாவோடு குடிசையில் பட்டாணி சூப் கிண்டினார். அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை. பார்க்கப் பொறுக்காமல் ஐலாதான் பிறந்தநாளுக்கு இந்தச் சைலன்சரை வாங்கிக் கொடுத்தாள். சத்தம் அடங்கியது, கண் திறந்தது, குண்டுகளும் சிதறாமல் ஒரே இடத்தில் கூடின. அந்த இடம் மட்டும் வாராவாரம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இந்த வருடத்தின் கடைசித் தேர்வுக்கு ஒரு வாரம்தான் பாக்கி.

அன்று மாலை வீட்டில் புலம்பினார்.

"எனக்குக் காரணம் புரிஞ்சிடுச்சு ஐலா. ஒவ்வொரு சனிக்கிழமையும் பாக்குறேன், சைலன்சர் லூசா இருக்கு. தானா கழண்டுக்குது!"

"குளிர்ல இரும்பு சுருங்குமில்ல," என்றாள் ஐலா, அடுப்பிலிருந்து ஏலக்காய் ரொட்டித் தட்டை எடுத்தபடி.

"இனிமே சுருங்காது. டிராக்டர் போல்ட்டுக்குப் போடுற பசையைப் போட்டு ஒரே முறுக்கா முறுக்கிட்டேன். யானையைக் கட்டி இழுத்தாலும் வராது."

ஐலாவின் கையிலிருந்து தட்டு நழுவியது.

"பசையா? கழட்டவே முடியாதா?"

"எதுக்குக் கழட்டணும்?"

"அதானே," என்று குனிந்து ரொட்டிகளைப் பொறுக்கினாள் ஐலா.

திங்கள் முதல் வெள்ளி வரை மர ஆலையில் பலகை அறுத்தாலும் இல்போவின் மனம் வட்டத்தைச் சுற்றியே வந்தது. பசையும் ஏமாற்றிவிட்டால்? எப்படியும் கீழேதான் போகப்போகிறது. தேர்வில் சோதித்துப் பார்க்கவெல்லாம் விடமாட்டார்கள். முன்கூட்டியே இருபது க்ளிக் ஏற்றிவிட்டால் தீர்ந்தது!

தேர்வு நாளான சனிக்கிழமை அப்படியே ஏற்றினார். நின்றார். சுட்டார்.

கௌக்கோ தொலைநோக்கியில் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "நாலும் ஒரே இடம். அருமையா சுட்டிருக்கே."

"உள்ளயா?"

"வட்டத்துக்கு மேல."

"மேலயா!" இல்போவுக்குப் பட்டாணி சூப்பின் வாசம் மூக்கில் ஏறியது. "கௌக்கோ, இந்தத் துப்பாக்கிக்குப் பேய் பிடிச்சிருக்கு. நான் போறேன்."

"எங்க போற? இன்னொரு வாய்ப்பு இருக்கு. இன்னிக்கு ஏதாவது கையை வச்சியா அதுல?"

"இருபது க்ளிக். மேல."

"தெய்வமே! அதை அப்படியே இறக்கிட்டு, பேசாம சுடு."

இல்போ இறக்கினார். மூச்சை விட்டார். விசை நகர்ந்தது, தோளில் ஒரு மெல்லிய தள்ளல், அவ்வளவுதான். கண் ஒருமுறைகூட மூடவில்லை. நாலும் நட்டநடுவில்.

ஐம்பத்தாறு வயது மனிதர் சுடுகளத்தில் குதித்தார். கௌக்கோவைக் கட்டிப்பிடித்தார், கௌக்கோவோ அதெல்லாம் பழக்கமில்லாததால் கட்டை போல நின்றார்.

"பசைதான் கௌக்கோ! பசைதான் என்னைக் காப்பாத்திச்சு! இந்த வருஷம் சதுப்பு நிலத்து ஓரத்துல மானுக்குக் காத்து நிக்கப் போறேன். சூப்பை ஐலா தனியா கிண்டிக்கட்டும்!"

கௌக்கோ பையிலிருந்து இன்னொரு ஏலக்காய் ரொட்டியை எடுத்தார். அந்த மணம் இல்போவுக்கு ரொம்பப் பழகிய மணமாக இருந்தது.

"சூப்புக்கு வேற ஆள் தேடணும்ப்பா," என்றார் கௌக்கோ. "வாராவாரம் வியாழக்கிழமை உன் துப்பாக்கியோட இங்க வந்து, கனமா இருக்குன்னு சைலன்சரைக் கழட்டி வச்சிட்டு, குண்டு மேல போகுதுன்னு குமிழை இருபது க்ளிக் இறக்கிட்டுப் போனவ உன் ஐலாதான், இந்த வாரம் அது கழலவே இல்ல, அப்படியே சுட்டு வியாழக்கிழமைத் தேர்வுல உனக்கு முன்னாடி பாஸாயிட்டா, அந்தப் பசைக்கு ரொம்ப நன்றின்னும் சொல்லச் சொன்னா!"