ஹார்லனுக்கு யாரும் உதவக் கூடாது

ஒன்பதாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை கெண்ட்ரா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது, ஹார்லன் வாண்டர்வால் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

“யாரு போட்டது இது?”

ஹார்லன் கோப்பையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். சமையலறையிலிருந்து சபைக்கார மார்லிஸ் ஈரக் கையைத் துடைத்தபடி ஓடி வந்தாள்.

“நான்தான் கண்ணு! நான்தான் போட்டேன். பாவம், அந்த மனுஷன் எப்படிப் போடுவாரு?”

“ஆன்ட்டி, இன்னிக்குக் காபி போடறதுதான் பயிற்சி. இவரே தண்ணி அளக்கணும், இவரே தூள் போடணும், இடது கையால மூடியைத் திறக்கணும். நீங்க போட்டுட்டா நான் எதைப் பாத்து மார்க் போடறது?”

“நாளைக்குப் போட்டுக்கோயேன். இந்தா, நீயும் ஒரு வாய் குடி. முகமே வத்திப் போயிருக்கு.”

ஸ்பூன் ஒன்று கீழே விழுந்தது. எடுக்க ஹார்லன் குனிந்தார். மார்லிஸ் பாய்ந்து போய் அதன்மேல் காலை வைத்துக்கொண்டாள்.

“ஹார்லன்! உட்காருங்க. உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?”

ஹார்லன் உட்கார்ந்தார். கெண்ட்ரா தன் தாளில் ‘காபி’ என்ற வரிக்கு நேரே ஒரு பூஜ்யம் போட்டாள்.

ஆக்குபேஷனல் தெரபி என்பது, கை கால் விளங்காமல் போனவரைத் தன் சட்டைக்குத் தானே பித்தான் போடவைக்கிற படிப்பு. அதில் கெண்ட்ரா ஹூக்ஸ்ட்ரா டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள், அமெரிக்காவில் எங்கள் அயோவா மாநிலத்தில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில். வகுப்பு ஜெபத்தில் ஆரம்பித்து ஜெபத்தில் முடியும். நடுவில் தோள்பட்டை எலும்பும் நரம்பும் வரும். கடைசிப் பதினாலு வாரம் வெளியே போய், ஒரு நோயாளியோடு ஒரு திட்டத்தைச் செய்து காட்ட வேண்டும். கெண்ட்ராவின் திட்டத்தில் முப்பது வேலைகள். முதல் வாரம் எத்தனை செய்தார், கடைசி வாரம் எத்தனை செய்தார், அவ்வளவுதான் கணக்கு.

முதல் வாரம் ஹார்லன் முப்பதுக்குப் பதினொன்று வாங்கினார். காலுறை மாட்டச் சொன்னதற்கு நாற்காலியோடு சாய்ந்தார். கொஞ்சம் அதிகமாகவே சாய்ந்தார்.

கெண்ட்ராவுக்கு இந்தப் பட்டம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். அவளுக்கு ஒன்பது வயதில் அப்பா அரிசோனாவுக்குக் கிளம்பிப் போனார், திரும்பவில்லை. அன்று மாலையே சபையிலிருந்து கேசரோல், அதாவது பாத்திரத்தோடு சூளையடுப்பில் வேகவைத்த சாப்பாடு, வர ஆரம்பித்தது. உருளைக்கிழங்கு கேசரோல், கோழி கேசரோல், நூடுல்ஸ் கேசரோல். ஐந்து வருஷம் நிற்கவில்லை. ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் கொடுத்தவர் பேர் எழுதி ஒட்டியிருக்கும். அதைக் கழுவி, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, “ரொம்ப நன்றி ஆன்ட்டி” என்று சொல்லிவிட்டு வருவது கெண்ட்ராவின் வேலை. குளிருக்குப் போட்ட கோட்டின் கழுத்துப் பட்டியிலும் வேறொரு பெண்ணின் பேர். அந்தப் பெண் அதே வகுப்பில்தான் படித்தாள். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லமாட்டாள், கோட்டை மட்டும் பார்ப்பாள்.

பத்து வருஷம் உதவித் தெரபிஸ்டாக அடுத்தவர் சொன்னதைச் செய்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் படிக்க வந்தவள். யார் பேரும் ஒட்டாமல் அவள் கைக்கு வரப்போவது இந்தப் பட்டம் ஒன்றுதான்.

அதில் ஒரு சிறு சறுக்கல் உண்டு. டிசம்பரில் அவளுக்கு ஒதுக்கியிருந்த மறுவாழ்வு இல்லத்தை மூடிவிட்டார்கள். நோயாளி இல்லை. நோயாளி இல்லாவிட்டால் பட்டம் இல்லை. சபையில் புதன்கிழமைச் சாப்பாட்டின் நடுவே, ஜெப விண்ணப்பம் உள்ளவர்கள் சொல்லலாம் என்றபோது, பிறந்ததிலிருந்து எதையும் கேட்டிராத கெண்ட்ரா எழுந்து நின்றாள். தனியாக வசிக்கிற, பக்கவாதம் வந்த ஒருவர் வேண்டும் என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனாள். கேட்டது ஆண்டவரிடம்தான், இவர்களிடம் இல்லை என்று காரில் உட்கார்ந்து தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமையே மார்லிஸ் ஓடி வந்தாள். “ஜெபம் கேட்டாச்சு கண்ணு! நம்ம ஹார்லன் இருக்காரே! அக்டோபர்ல படுத்தவருதானே? பாவம், ஒண்ணும் முடியல.”

இப்போது அதே மார்லிஸ்தான் ஸ்பூன்மேல் கால் வைத்துக்கொண்டு நின்றாள்.

கெண்ட்ரா முதலில் தன்மையாகத்தான் சொல்லிப் பார்த்தாள். “ஆன்ட்டி, நான் ஒன்பது மணிக்கு வரும்போது நீங்க இங்க இருக்கக் கூடாது. சரியா?”

“தாராளமா கண்ணு. உனக்கு இடைஞ்சலா இருப்பேனா நான்?”

மறுநாள் மார்லிஸ் இல்லை. ஏழு மணிக்கே வந்து போய்விட்டிருந்தாள். ஹார்லனுக்குச் சட்டை போட்டு, காலுறை மாட்டி, முட்டை பொரித்து, பாத்திரம் கழுவி, வாசல் பனியைக்கூட வழித்துத் தள்ளியாயிற்று. முப்பதில் இருபத்திரண்டு வேலைகள் ஒன்பது மணிக்குள் காலி.

“இந்தப் பனியை யாரு வழிச்சது, ஐயா?”

ஹார்லனுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. “மார்லிஸ்” என்றார்.

“எழுபது வயசுப் பொம்பளையா?”

“ரொம்ப கெட்டிக்காரி அவ.”

அடுத்த புதன்கிழமை கெண்ட்ரா மறுபடி எழுந்து நின்றாள். இந்தத் தடவை அழவில்லை. பத்து நிமிஷம் பேசினாள். ஒருவர் தானே செய்ய வேண்டியதை நாம் செய்துகொடுத்தால் அவர் கை மறந்துவிடும் என்றாள். மூளைக்கும் கைக்கும் உள்ள பாதை புல் முளைத்து மூடிவிடும் என்றாள். சபை கண் கலங்கிக் கேட்டது. மார்லிஸ் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜோலீன் மூக்கைச் சிந்தினாள். பாஸ்டர் டிம்மர் எழுந்து, நம் சகோதரிக்கு நாம் தோள் கொடுக்க வேண்டாமா என்று கேட்டார். ஆமென் என்றார்கள். அங்கேயே ஏழு பேர் கொண்ட ஒரு குழு அமைந்தது. ஹார்லனுக்கு யாரும் உதவாமல் பார்த்துக்கொள்ள உதவும் குழு.

வியாழக்கிழமை அந்த ஏழு பேரும் ஹார்லனின் கூடத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு பெப்பர்மிண்ட் வாயில்.

“நாங்க ஒண்ணும் பண்ணமாட்டோம் கண்ணு. சும்மா பாத்துக்கிட்டு இருப்போம். யாராவது உதவி செய்ய வந்தா தடுப்போம்” என்றாள் ஜோலீன்.

“நீங்க ஏழு பேரு இருக்கீங்களே, வேற யாரு வரப்போறா?”

“அதான் வரலையே. பாத்தியா, வேலை செய்யுது!”

ஹார்லன் முதல் பித்தானைப் போட்டார். ஏழு பேரும் கைதட்டினார்கள். இரண்டாவது பித்தானுக்கு அவர் சுற்றிலும் பார்த்தார். மார்லிஸ் அவரைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள். தைரியம் சொல்கிறாளாக்கும் என்று கெண்ட்ரா நினைத்துக்கொண்டாள். உடனே ஹார்லனின் கை நடுங்க ஆரம்பித்து, பித்தான் நழுவி, அவர் நாற்காலியில் சரிந்து, “என்னால முடியாது, என்னை விட்டுடுங்க” என்று கண்ணை மூடிக்கொண்டார். எல்லோரும் சுற்றி நின்று ஜெபித்தார்கள்.

அன்று மார்க் ஒன்பது. ஆரம்பித்ததைவிட இரண்டு குறைவு. பக்கவாத நோயாளியைத் தெரபி செய்து கீழே இறக்கிய முதல் டாக்டர் அம்மா என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு கெண்ட்ரா வீடு போய்ச் சேர்ந்தாள்.

கல்லூரியில் பேராசிரியை ப்ரூஸ்மா அறிக்கையைப் புரட்டினார்.

“நல்லா எழுதியிருக்கே. ஆனா விசுவாசம் எங்கே?”

“மேடம், அவரு மார்க் குறையுது.”

“அது தெரியுது. பதினாலாவது வாரமும் இப்படியே இருந்தா கமிட்டி கையெழுத்துப் போடாது. அடுத்த வருஷம் வேற நோயாளியை வச்சு முதல்லேயிருந்து செய்யணும். அது வேற விஷயம். ஊழியத்தைப் பத்தி ரெண்டு பக்கம் சேர்க்கணும். அது இல்லாம நான் கமிட்டிக்கே அனுப்ப முடியாது.”

“எந்த ஊழியம் மேடம்?”

“உன் சபையில எவ்வளவு அழகா உதவி செய்யறாங்க, அதை எழுதேன்.”

கெண்ட்ரா எழுதினாள். இரண்டு பக்கம் கேட்டதற்கு ஒன்பது பக்கம். பேராசிரியை அதை ஒன்றரைப் பக்கமாக்கி, காட்டமான சொற்களை எல்லாம் எடுத்துவிட்டு, ‘மிக உருக்கம்’ என்று ஓரத்தில் எழுதினார்.

பதிமூன்றாவது வாரம் கெண்ட்ரா பாஸ்டரின் அறைக்கே போனாள். கதவைக்கூடத் தட்டவில்லை.

“பாஸ்டர், வர்ற வெள்ளிக்கிழமை கடைசிப் பரீட்சை. அன்னிக்கு அந்த வீட்டுப் பக்கம் ஒருத்தர் தலை தெரிஞ்சாலும் நான் போலீஸைக் கூப்பிடுவேன்.”

“அம்மா, அவங்க அன்புல செய்யறாங்க.”

“அன்பா? எங்கம்மாவுக்கும் இப்படித்தான் செஞ்சீங்க. அஞ்சு வருஷத்துல அவ அடுப்புப் பத்தவைக்கவே மறந்துட்டா. இன்னிவரைக்கும் உங்க எல்லாரையும் தெருவுல பாத்தா எனக்கு நன்றி சொல்லி நாக்கு வறண்டு போகுது. எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு செஞ்சுக்க விடுங்க, பாஸ்டர். ஒண்ணே ஒண்ணு.”

பாஸ்டர் டிம்மர் மேஜைக் காலண்டரைத் தன் பக்கம் திருப்பினார். “வெள்ளிக்கிழமைதானே கடைசி?”

“ஆமா.”

“அதுக்கப்புறம் மார்க் எதுவும் எடுக்க வேண்டியதில்லையே?”

“இல்ல.”

“அப்ப சரி. யாரும் வரமாட்டாங்க. நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்.”

வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை. ஹார்லன் கதவைத் தானே திறந்தார். சட்டைப் பித்தான் ஏழையும் தானே போட்டார். காலுறை, ஷூ, நாடா. காபி போட்டார், அவளுக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தார். முட்டையை இடது கையாலேயே உடைத்தார். சர்டிபிகேட்டில் அவள் பேரை எழுதுவதுபோல அழகாகத் தன் கையெழுத்தைப் போட்டுக் காட்டினார். பட்டியல் முடிந்தும் அவர் நிற்கவில்லை. ஏணியை எடுத்து வந்து, மேலே ஏறி, கூடத்து பல்பை மாற்ற ஆரம்பித்தார்.

“ஐயா, இறங்குங்க! அது லிஸ்ட்லயே இல்ல!”

“இருக்கட்டும்மா. மூணு மாசமா எரியல, கண்ணை உறுத்திக்கிட்டே இருந்துச்சு.”

முப்பதுக்கு இருபத்தொன்பது. துணி மடிப்பதில் ஒன்று போயிற்று. அது எங்கள் ஊர் ஆண்கள் யாருக்கும் வராது.

கெண்ட்ரா அவருடைய சமையலறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சந்தோஷம்தான். நாலே வாரத்தில் ஒன்பதிலிருந்து இருபத்தொன்பது! உதவியை நிறுத்தினால் போதும், மனுஷன் எழுந்து நிற்பான் என்று பதினாலு வாரமாகத் தொண்டை கிழியச் சொன்னது பலித்துவிட்டது. ஹார்லன் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவர் முகத்தில்தான் அவ்வளவு சந்தோஷம் இல்லை.

கமிட்டி ஒருமனதாகக் கையெழுத்துப் போட்டது. மே மாதம் கல்லூரிச் சிற்றாலயத்தில் கைகளை ஆசீர்வதிக்கும் ஆராதனை. பட்டம் பெறுகிறவர்களின் உள்ளங்கையில் பேராசிரியர்கள் எண்ணெய் பூசி ஜெபிப்பார்கள். ஒருவர் சாட்சி சொல்வார். அந்த வருஷம் கெண்ட்ரா.

எங்கள் சபையே ஒரு பஸ் பிடித்து வந்திருந்தது. இரண்டாவது வரிசையில் மார்லிஸ், ஜோலீன், நடுவில் கோட்டு போட்ட ஹார்லன். கெண்ட்ரா அவர்களை நேராகப் பார்த்துப் பேசினாள். இருபத்திரண்டு வருஷம் அடக்கிவைத்தது.

“நான் உதவி வாங்கியே வளந்தவ. அதனால சொல்றேன். ஒருத்தர் தானா செய்யக்கூடியதை நாம செஞ்சு கொடுத்தா அது அன்பு இல்ல, திருட்டு. ‘நானே செஞ்சேன்’னு அவர் சொல்லிக்க முடியாம பண்ணிடறோம். ஹார்லன் ஐயாவுக்கு நான் செஞ்ச வைத்தியம் ஒண்ணே ஒண்ணுதான். உங்களையெல்லாம் வெளியே நிறுத்தினேன். அவரு எழுந்து நின்னாரு. நானும் இன்னிக்கு நிக்கிறேன், யாரு தயவும் இல்லாம.”

மார்லிஸ்தான் முதலில் எழுந்து கைதட்டினாள், கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். உறைத்துவிட்டது என்று கெண்ட்ராவுக்குத் திருப்தி. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

வெளியே வந்தால், வாகனம் நிறுத்தும் இடத்தில் மார்லிஸின் புருஷன் வெண்டெல், தன் பிக்கப் வண்டியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். மனைவி எங்கே போனாலும் வெளியே வண்டியில் காத்திருப்பதுதான் அவருக்கு வேலை. எங்கள் ஊரில் அவர் குரலைக் கேட்டவர்கள் குறைவு. கெண்ட்ரா எண்ணெய்க் கையோடு ஜன்னல் பக்கம் போனாள். அன்றைக்கு அவளுக்கு யாரையும் மன்னிக்கலாம் போல இருந்தது.

“அங்கிள், ஆன்ட்டி மேல எனக்குக் கோபம் எதுவும் இல்லைன்னு சொல்லிடுங்க. ஆனா இனிமேலாவது அந்த மனுஷன் வீட்டுக்குக் காலங்காத்தால ஓடாம இருக்கச் சொல்லுங்க.”

வெண்டெல் கண்ணாடியை முழுக்க இறக்கினார்.

“இனிமே எதுக்கும்மா ஓடப்போறா? ஹார்லனுக்கு நவம்பர்லயே எல்லாம் சரியாப் போச்சு, தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு எங்க வீட்டுல சுட்ட வான்கோழியைக் கத்தி பிடிச்சுத் துண்டு போட்டதே அவருதான்; அன்னிக்கு நீ தட்டை வச்சுட்டு அழுதுகிட்டே போனியே, அதைப் பாத்து மனசு கேக்காமத்தான், உன் படிப்பு முடியற வரைக்கும் அந்த மனுஷன் மறந்துபோய் எதையாவது தானே செஞ்சுடாமப் பாத்துக்கணும்னு இவங்கெல்லாம் முறை போட்டுக்கிட்டு ஓடினாங்க.”