துரைக்குப் பெண் பார்த்த கதை

நான் இதுவரை பேசி முடித்தது ஒரே ஒரு கல்யாணம். அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் பாதி வால் போய்விட்டது. (மாப்பிள்ளை ஒரு மீன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் வேறு ஏதாவது நினைத்துப் பதறக் கூடாது.)

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. எனக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று உலகத்தில் இருப்பது அப்போது எனக்குத் தெரியாது. ராஜபாளையத்தில் பதினோரு பேர் இருக்கும் வீட்டில் வளர்ந்தவள் நான். எங்கள் குடும்பத்தில் யாரையும் தனியாக விடுகிற வழக்கமே கிடையாது. அடுத்த தெருச் சித்தப்பா மில்லுக்கு நைட் ஷிப்ட் போனால், சித்திக்குத் துணையாக எங்கள் வீட்டிலிருந்து ஒருத்தி போய்ப் படுக்க வேண்டும். ரேஷன் கடைக்கு ஒருத்தி கிளம்பினால் இன்னொருத்தி தானாகவே செருப்பைத் தேடுவாள். அப்பா பல் டாக்டரிடம் போனபோது துணைக்கு நாலு பேர் போனோம். எந்த வாயைத் திறக்கச் சொல்வது என்று டாக்டர் குழம்பிவிட்டார்.

அப்படிப்பட்ட என்னை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் அரை மணி நேரம்தான், ஆனால் வீடு வேறு மாதிரி. மாமா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், ஒரு நாளைக்கு மொத்தமாக ஒன்பது வார்த்தை பேசுவார். அத்தை காலையும் மாலையும் கோயிலுக்குப் போய்விடுவார். கொழுந்தன் சரவணனுக்குச் சென்னையில் வேலை. என் வீட்டுக்காரர் காலை ஏழரைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார். மிச்சம் இருந்தது துரை.

துரை, மாமா வளர்த்த நீல நிற பைட்டர் மீன். பாவாடை மாதிரி விரிந்த வால். ஹாலில் பெரிய கண்ணாடித் தொட்டி, உள்ளே ரெண்டு செடி, காய்ந்த வாதாம் இலை ஒன்று. அவ்வளவு இடத்திலும் அவர் ஒருத்தர்தான். நான் வெங்காயம் உரிக்கும்போது தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து என் வீட்டுக் கதையெல்லாம் சொல்லுவேன். துரை கண்ணாடியோரம் வந்து நின்று கேட்பார். அந்த வீட்டில் நான் பேசினால் முழுசாகக் கேட்ட ஒரே ஜீவன் அது. என் முதல் சிநேகிதம்.

கல்யாணமாகி மூன்றாவது வாரம், கோயம்புத்தூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுப் பால்காய்ப்புக்கு மாமாவும் அத்தையும் பால்கோவாவோடு கிளம்பினார்கள். கிளம்பும்போது மாமா, பெற்ற மகனைத் தாண்டி வந்து, என் கையில் ஒரு தாள் கொடுத்தார்.

"இவன்கிட்ட குடுத்தா மறந்துருவான். நீ பொறுப்பான பிள்ளை."

தாளில் எழுதியிருந்தது: காலையில் நாலு உருண்டை தீவனம். அதற்கு மேல் ஒன்றும் செய்ய வேண்டாம். 'ஒன்றும்' என்ற சொல்லுக்குக் கீழே ரெண்டு கோடு. அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு அது. அத்தை அதைத் தெரு முனை வரை சொல்லிக்கொண்டே போனார். நான் தலைகால் புரியாமல் நின்றேன்.

வெள்ளிக்கிழமை காலை நாலு உருண்டை போட்டேன். துரை தின்றுவிட்டு ஒரு மூலையில் போய் நின்றார். பத்து நிமிஷம் அங்கேயே நின்றார். பாவம், பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை, விளையாடச் சாமான் இல்லை, இது என்ன பிழைப்பு என்று என் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தொட்டிக்கு வெளியே சாய்த்து வைத்தேன். துரை ஓடி வந்தார். செவுளை விரித்தார், வாலை விரித்தார், நெஞ்சை நிமிர்த்தினார். என்ன சந்தோஷம் அந்த முகத்தில் என்று நான் பூரித்துப் போய், கண்ணாடியைச் சாயங்காலம் வரை எடுக்கவே இல்லை. வீடியோ எடுத்து எங்கள் குடும்பக் குரூப்பிலும் போட்டேன்.

பெரியம்மா உடனே வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். "ஏட்டி செல்வி, வாயில்லாச் சீவனை இப்படியா ஒத்தையில போட்டு வச்சிருக்காவ? கண்ணாடியில தன்னையே பாத்துப் பேசிக்கிடுதே. ஒரு துணையைச் சேத்து விடுட்டி. புண்ணியமாப் போவும்."

குரூப்பில் மிச்சம் இருந்த எல்லாரும் கட்டைவிரல் போட்டார்கள். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் ஏகமனதான தீர்மானம்.

சனிக்கிழமை ராஜபாளையம் பஸ் ஏறினேன். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மீன் கடை. பைட்டர் மீன்களை ஆளுக்கொரு பிளாஸ்டிக் டம்ளரில், நடுவில் அட்டை செருகி, தனித்தனியாக வைத்திருந்தார்கள். (ஏன் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள், ஏன் அட்டை செருகியிருக்கிறார்கள், ஏன் அதற்குப் பைட்டர் என்று பெயர், இதில் ஒன்றையாவது யோசித்திருக்கலாம்.)

"அண்ணாச்சி, பைட்டர்ல பொண்ணு இருக்கா?"

கடைக்காரர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே, "பொட்டை தீந்துருச்சும்மா. செவ்வாக்கிழமை வாங்க" என்றார்.

எனக்கு ஏது செவ்வாய்க்கிழமை வரை பொறுமை. வரிசையாகப் பார்த்தேன். எல்லாம் வாலை விரித்துக்கொண்டு ஆடின. ஒன்று மட்டும் குட்டை வாலோடு, மங்கலான சிவப்பில், கீழே பார்த்துக்கொண்டு அடக்கமாக இருந்தது. ஆர்ப்பாட்டம் இல்லை, அலங்காரம் இல்லை. பார்த்த உடனே பிடித்துவிட்டது.

"இந்தா இருக்கே பொண்ணு. இதைக் குடுங்க."

"எம்மா, அது..."

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி."

"அதைத் தனியாத்தான் வைக்கணும்மா."

"எங்க வீட்டுல யாரையும் தனியா வைக்க மாட்டோம் அண்ணாச்சி."

அவர் போனைக் காதிலிருந்து எடுத்து என்னை ஒரு தடவை முழுசாகப் பார்த்தார். பிறகு கவரில் தண்ணீர் பிடித்தார். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் மடியில் என்ன என்று கேட்டார். எங்கள் வீட்டுக்கு மருமகள் என்றேன். இறங்கும் வரை அவர் என் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து காலண்டரில் நல்ல நேரம் பார்த்தேன். தொட்டிக் கண்ணாடியில் குங்குமம் வைத்தேன். வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம்னு அப்பா எழுதிருக்காவளே."

"கெடுதல் ஒண்ணும் செய்ய வேண்டாம்னு அர்த்தம். நான் நல்லதுதான் செய்றேன்."

கவரைக் கவிழ்த்தேன். ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். துரை செவுளை விரித்தார். வந்தவளும் விரித்தாள். வெட்கம் போலிருக்கிறது என்று நான் சொல்லி முடிக்கவில்லை, தொட்டிக்குள் குழாயடிச் சண்டை தொடங்கிவிட்டது. தண்ணீர் வெளியே தெறித்தது. நீலத் துணுக்குகள் மிதந்தன. அவை துரையின் வால் என்று புரிய எனக்குச் செத்த நேரம் பிடித்தது.

"பிடிங்க, பிடிங்க" என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் டீ வடிகட்டியோடு ஓடி வந்தார். நான் குழம்புக் கரண்டியைத் தொட்டிக்குள் விட்டேன். வடிகட்டியில் அகப்பட்ட கல்யாணப்பெண், அடுப்படிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது ஒரே துள்ளலில் தரையில் விழுந்து கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் போய்விட்டாள். நான் குப்புறப் படுத்துத் துழாவி எடுத்து, தண்ணீர் நிரப்பிய கண்ணாடி பாட்டிலில் போட்டேன். (அதிலிருந்த சீனி முழுக்க அடுப்பு மேடையில்.) திரும்பி வந்து பார்த்தால் துரை வாதாம் இலைக்குக் கீழே சாய்ந்து கிடந்தார். வால் இருந்த இடத்தில் கிழிந்த கந்தல்.

நான் உட்கார்ந்து அழுதேன். மாமா என்ன சொல்வார் என்று ஒரு பக்கம். அதைவிட, நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஜீவனை நானே கொன்றுவிட்டேனே என்று மறுபக்கம்.

ஏழு மணிக்கு மாமா வீடியோ காலில் வந்தார். "துரையைக் காட்டும்மா."

"மாமா, டவர் இல்ல, கேக்கவே இல்ல."

"எனக்கு நல்லா கேக்குதே."

"கேக்கல மாமா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கே மாமா வந்துவிட்டார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. தொட்டியைப் பார்த்தார். பாதி வாலோடு துரை இலைக்குக் கீழிருந்து மெல்ல எட்டிப் பார்த்தார், உயிர் இருந்தது. அடுத்து சீனி பாட்டிலைப் பார்த்தார். கடைசியில் கண்ணாடியில் இருந்த குங்குமத்தைப் பார்த்தார். முப்பது வருஷம் கணக்கு போட்ட மனிதர், மூன்றையும் கூட்ட அவருக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை.

"அது தனியா இருந்துச்சு மாமா. அதான் பொண்ணு பாத்து..."

"பொண்ணுன்னு எப்படிம்மா முடிவு பண்ணுன?"

"வால் குட்டையா இருந்துச்சு மாமா. அடக்கமா இருந்துச்சு."

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அத்தை ஓடி வந்தார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்படிச் சிரித்து அத்தையே பார்த்ததில்லையாம்.

"எம்மா, அது ஆம்பள. குட்டைவால் சாதி."

பிறகு அன்றைய ஒன்பது வார்த்தைக் கணக்கையும் மீறிப் பேசினார். "இதுக்குத் துணையே வேண்டாம்மா. எடம் வேணும், ஒளிய ஒரு எலை வேணும், சுத்தமான தண்ணி வேணும். பொழுது போகணும்னா செடியை எடம் மாத்தி வையி, ஒரு வாரம் சுத்திச் சுத்திப் பாத்துக்கிடும்." நான் கண்ணாடி வைத்ததையும் ஒப்புக்கொண்டேன். "உன் வாசல்ல ஒருத்தன் நாள் பூரா கையை ஓங்கிட்டு நின்னா உனக்குச் சந்தோசமாவா இருக்கும்?" என்றார். கடைசியாக, "முப்பது வருசம் ஸ்டாஃப் ரூம்ல உக்காந்தவன் நான். துரையைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கும்மா" என்றார்.

அடுத்த ரெண்டு மாதம் துரைக்குத் தண்ணீர் மாற்றியது நான்தான். வால் வளர்ந்தது, ஓரம் மட்டும் கொஞ்சம் கோணல். குட்டைவாலுக்கு ஹாலின் அந்த மூலையில் தனித் தொட்டி வந்தது. என் பக்கத்திலிருந்து வந்த ஆள் என்பதால் மாமா அதற்குச் சம்பந்தி என்று பெயர் வைத்தார். என் அப்பா வீட்டுக்கு வரும்போதெல்லாம் மாமா அவரை முதலில் அதனிடம் கூட்டிப் போய் அறிமுகப்படுத்துவார்.

வெங்காயம் உரிக்கும்போது இப்போது மாமாவும் பேப்பரோடு பக்கத்தில் வந்து உட்காருகிறார். நான் பேசுகிறேன். அவர் பேப்பரைத் திருப்பாமலேயே கேட்கிறார்.

எங்கள் ரெண்டு குடும்பத்திலும் யாருக்குப் பெண் பார்ப்பதாக இருந்தாலும், "செல்வி சரின்னு சொல்லிட்டாளா? அப்பம் எதுக்கும் நல்லா விசாரிங்க" என்பது வழக்கமாகிவிட்டது. போன மாதம் சரவணனுக்குப் பெண் பார்க்கத் தளவாய்புரம் போனோம். மூத்த மருமகள் என்ற கெத்தோடு முன்னால் போய் உட்கார்ந்தேன். பெண் தலையைக் குனிந்து, அடக்கமாக, காபித் தட்டோடு வந்தாள். எனக்குப் பார்த்த உடனே பிடித்துவிட்டது. அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டேன்.

அவள் நிமிரவில்லை. சரவணன் போனில் முன்னாடியே எல்லாவற்றையும் உளறியிருக்கிறான். என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"பேர் மீனா. நான் நெசமாவே பொண்ணுதான்க்கா."